படுத்த படுக்கையாய்க் கிடப்பவர் யார் பொறுப்பு?

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் 10 கொம்யூன் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. அவற்றுக்குள் கிராமப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. 5 நகராட்சிகள் இருக்கின்றன. இவை எதிலும் இன்று மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு உறுப்பினர்கூட இல்லை. கடைசியாகத் தேர்தல் நடந்தது 2006-ல். அதற்கு முந்தைய தேர்தல் 1968-ல். நடுவில் 38 ஆண்டுகள் ஓடின. 2006-ல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அன்றிலிருந்து அதிகாரிகளின் ஆட்சிதான். 2011, 2016, 2021 என்று சட்டமன்றத் தேர்தல் மட்டும் நாள் தவறாமல் வந்தது. உள்ளாட்சித் தேர்தல் என்றால் மட்டும் இந்த மண்ணில் எல்லாக் கட்சிக்கும் ஒரே நேரத்தில் மறதி வந்துவிடுகிறது.

நான் மணப்பட்டுக்காரன். பாகூர் கொம்யூனின் கிழக்கு ஓரம், கடலை ஒட்டிய ஊர். கடலூர் சாலையைப் பிடிக்க வேண்டுமென்றால் கன்னியக்கோயிலுக்கு வர வேண்டும். கொம்யூன் என்ற சொல்லே பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனது. 1880-ல் அவன் ஆணை போட்டுப் பாகூருக்கு ஒரு நகர்மன்றம் கொடுத்தான். வாக்காளர் பட்டியலை இனவாரியாகப் பிரித்து, யாருடைய ஓட்டுக்கு எத்தனை எடை என்று நிறுத்துத்தான் கொடுத்தான் என்றாலும், காலனி ஆட்சிக்குக்கூட ஒரு மன்றம் வைக்க வேண்டிய கூச்சம் இருந்தது. சுதந்திர நாட்டின் அரசுக்கு அந்தக் கூச்சமும் இல்லை.

உள்ளாட்சித் தேர்தல் இல்லை என்றதும் நம் தோழர்கள்கூட சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் என்றுதான் பட்டியல் போடுகிறார்கள். அவையெல்லாம் இல்லாமல் இல்லை. ஆனால் சாக்கடை அடைத்தால் ஊரே நாறும், ஊரே கத்தும், யாராவது வந்தே தீர வேண்டும். கத்த முடியாமல் வீட்டுக்குள் கிடப்பவர்களைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். பக்கவாதம் வந்து படுத்தவர், கண் தெரியாத கிழவி, மனநோயால் அறைக்குள் வைத்துப் பூட்டப்பட்ட மகன், சர்க்கரையில் காலை இழந்த கொத்தனார். இவர்களுக்காக ஒரு வார்டு உறுப்பினர் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள்.

சட்டத்தில் இருந்தே சொல்கிறேன். 73-வது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் பதினோராவது அட்டவணையில் 29 பொருள்கள். 23-வது பொருள், மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் அடங்கிய சுகாதாரம். 26-வது, மாற்றுத்திறனாளிகள் நலன் அடங்கிய சமூக நலன். 27-வது, நலிந்த பிரிவினர், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலன். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியது தற்செயலாக இருக்கலாம். எங்கள் வீடுகளில் இந்த மூன்றும் ஒரே கட்டிலில்தான் படுத்திருக்கின்றன.

இன்னொன்று. தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005-ல் வந்தபோது ஊருக்கு ஊர் ஒரு சுகாதார, துப்புரவுக் குழு அமைக்கச் சொன்னார்கள். பின்னால் ஊட்டச்சத்தும் அதில் சேர்ந்தது. ஆஷா பணியாளர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம செவிலியர் எல்லோரும் உட்காரும் குழு. சிறு தொகையென்றாலும் கையில் கொஞ்சம் நிதி உண்டு. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்க வேண்டியவர் யார்? பஞ்சாயத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர். செவிலியர் வந்தாரா, மருந்து வந்ததா, யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்கும் நாற்காலி அது. எங்கள் ஊர்களில் 2011-லிருந்து அந்த நாற்காலிக்கு ஆள் இல்லை. காகிதத்தில் ஒரு அதிகாரியின் பெயர் இருக்கலாம். கேள்வி கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே அலுவலகத்தில் சம்பளம் வாங்கினால் அதற்குப் பெயர் மேற்பார்வையா?

என் ஆயாவின் கதையைச் சொல்கிறேன். புலம்பலுக்காக இல்லை, இயங்குமுறை புரிவதற்காக. அவருக்கு முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்தது. ஒரு வருடம் திடீரென்று நின்றது. கேட்டால், உயிரோடு இருப்பதற்குச் சான்று பதியவில்லை என்றார்கள். பதியப் போனால் கைரேகை விழவில்லை. ஐம்பது வருடம் நாற்று நட்டுக் களை பறித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? வங்கியில் துறைக்குப் போகச் சொன்னார்கள். துறையில் வங்கிக்குப் போகச் சொன்னார்கள். மூன்றாவது முறை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஆட்டோ கூலி மட்டும் அந்த மாதத் தொகையில் கால்வாசியைத் தின்றது. 'பாட்டியை எதுக்குக் கூட்டிக்கிட்டு அலையிறீங்க, எம்.எல்.ஏ. ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லுங்க' என்று ஒரு ஊழியர் நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த நல்ல மனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. உரிமையாக வர வேண்டிய பணத்துக்கு வழி சொல்லும்போது, ஒரு அரசு ஊழியருக்கு இயல்பாக வாயில் வருவது ஒரு அரசியல்வாதியின் வாசல்.

இதுதான் விஷயம். வார்டு உறுப்பினர் இல்லாத இடம் வெறுமையாக இருப்பதில்லை. அங்கே எம்.எல்.ஏ. வந்து உட்கார்ந்துவிடுகிறார். புதுச்சேரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்கள் 30 பேர். தொகுதிகள் சிறியவை. அதனால் எம்.எல்.ஏ.வே கவுன்சிலர் வேலையையும் பார்க்கிறார் என்று பெருமையாகச் சொல்வார்கள். பார்க்கிறார்தான். உதவித்தொகை ஆணையை மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்துக் கொடுக்கிறார். நடக்க முடிந்த கிழவிகளை வரிசையில் நிற்க வைத்து வாங்க வைக்கிறார். நடக்க முடியாதவர்கள் அந்த போட்டோவில் இருப்பதில்லை. எல்லாக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் தலைவர்களும் உறுப்பினர்களும் வந்துவிட்டால் இந்த மேடை பல துண்டாகும். நாளைக்குத் தனக்கே போட்டியாக நிற்கக்கூடிய ஒரு பேட்டுப் பெண் உறுப்பினர் உருவாவார். எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வுக்கு இதில் ஆசை இருக்கும்?

எங்கள் பக்கம் சேரியைப் பேட் என்போம். வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் தனி, பேட் தனி. பஸ் நிறுத்தத்தின் பெயர்ப்பலகையிலேயே இந்தப் பிரிவினை எழுதியிருக்கும், யாருக்கும் உறுத்தாது.

2006-ல் இருந்து 2011 வரை எங்கள் சுற்றுவட்டாரத்தில் உறுப்பினராக இருந்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் ஜெயித்தவர். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. அவர் செய்ததெல்லாம் பெரிய புரட்சி இல்லை. செவ்வாய், வெள்ளியில் துணை சுகாதார நிலையத்துக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள், எந்த மாத்திரை இல்லையென்று திருப்பி அனுப்புகிறார்கள் என்று பார்ப்பார். செவிலியர் ஊர்த் தெருவோடு நின்று திரும்பினால், 'எங்க பக்கமும் ரெண்டு வீட்டுல பிரஷர் இருக்குது, வாம்மா' என்று கையோடு கூட்டிப் போவார். உதவித்தொகை கேட்டு யார் மனு போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார். எழுதியது அவர் மகள். கொம்யூன் அலுவலகத்தில் முதலில் அவரை நிற்க வைத்துத்தான் பேசினார்கள். ஆறு மாதத்தில் நாற்காலி போட்டார்கள். அன்பு பெருகிப் போடவில்லை, கையெழுத்து அவரிடம் இருந்தது. பதவி முடிந்ததும் அந்த நாற்காலி போயிற்று. நோட்டு மட்டும் வெகுநாள் வீட்டில் கிடந்தது.

மேற்பார்வை என்றால் இவ்வளவுதான். அதிகாரியைவிட அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். கேட்கும் உரிமை இருக்க வேண்டும். அடுத்த தேர்தலில் தெருவே தன்னைக் கேட்கும் என்ற பயமும் இருக்க வேண்டும். சிறப்பு அதிகாரிக்கு முதலாவது தெரியாது, இரண்டாவது உண்டு ஆனால் பயன்படுத்த மாட்டார், மூன்றாவது கிடையவே கிடையாது.

பாகூர் கொம்யூனுக்குள் மட்டும் இரண்டு தனியார் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. ஒன்று கிருமாம்பாக்கத்தில், இன்னொன்று பிள்ளையார்குப்பத்தில். சாலையோரம் கட்டடங்கள் வானத்தைத் தொடுகின்றன. மருத்துவர்களுக்கு இங்கே பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. பெரிய மருத்துவமனைகளில் நோயாளியின் மலம் அள்ளவும், படுக்கை மாற்றவும், பிணத்தைத் தள்ளவும் யார் போகிறார்கள் என்று எந்தக் காலை ஷிப்ட் பேருந்திலும் பார்க்கலாம். பெரும்பாலும் பேட்டுப் பெண்கள். ஊரார் உடம்பைத் துடைக்கும் வேலை சாதி பார்த்து இறங்கி வருகிறது. அந்தப் பெண்ணின் மாமியார் காலையிலிருந்து ஈரத்தில் கிடப்பார். அவரைத் துடைக்க மகள்தான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வேண்டும். பராமரிப்பு என்பது பாசம், குடும்பம், தமிழ்ப் பண்பாடு என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. கூலிக்குப் பராமரிப்பு செய்கிறவளின் வீட்டில் இலவசப் பராமரிப்பு செய்யப் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பென்ஷன் உள்ளவர்கள், நிலம் உள்ளவர்கள் ஆள் வைத்துக்கொள்வார்கள். அரசு விட்டுப்போன இடத்தை நிரப்புவது கடைசியில் எங்கள் பெண்களின் படிப்புதான். ஒன்றிய அரசு தன் பங்காக முதியோர் உதவித்தொகைக்குத் தருவது, 80 வயதுக்குக் கீழே இருந்தால், இன்றும் மாதம் 200 ரூபாய். பல ஆண்டுகளுக்கு முன் வைத்த தொகை. மீதியைப் புதுச்சேரி அரசு போடுகிறது, நியாயமாகச் சொல்ல வேண்டும், பல மாநிலங்களைவிட அதிகமாகவே போடுகிறது. ஆனால் பணம் போட்டால் பராமரிப்பு முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே நோய். ஐயாயிரமே போட்டாலும் படுக்கைப் புண்ணை அது கழுவாது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதோடு சாத்தனூர் அணையைத் திறந்தார்கள். தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் வந்தது. மீட்புப் படை வந்தது, படகு வந்தது, சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. எந்தத் தெருவில், எந்த வீட்டில், எழுந்து நடக்க முடியாத ஆள் இருக்கிறார் என்ற பட்டியல் மட்டும் எவர் கையிலும் இல்லை. இளவட்டப் பையன்கள் ஞாபகத்தில் வைத்து வீடு வீடாகப் போய்த் தூக்கினார்கள். ஞாபகத்துக்கு வராத வீடு? 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோதும் இதே நிலைதான். உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இரண்டு புயலுக்கு நடுவில் 13 ஆண்டுகள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும் என்கிற வேலைக்கு 13 ஆண்டுகள் போதவில்லை.

ஏன் தேர்தல் நடத்தவில்லை என்று கேட்டால் இட ஒதுக்கீட்டைக் கையில் எடுத்துக் காட்டுகிறார்கள். இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நம் வாயை அடைக்கிறார்கள். உச்சநீதிமன்றம் 2018-லேயே தேர்தலை நடத்தச் சொன்னது. 2021 செப்டம்பரில் ஒருவழியாக அறிவிப்பு வந்தது. வார்டு ஒதுக்கீட்டில் இருந்த குளறுபடிகளைச் சென்னை உயர்நீதிமன்றம் சுட்டிக்காட்ட, அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த அறிவிப்பில் பிற்படுத்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்குமான ஒதுக்கீடு காணாமல் போனது. எதிர்ப்பு எழுந்தது, தேர்தல் நின்றது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.கே.சசிதரன் தலைமையில் ஒருநபர் ஆணையம். ஆணையம் என்றாலே என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இருளர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவே 2016 வரை காத்திருந்த பிரதேசம் இது. அவர்களுக்கு இடம் வேண்டும். ஆனால் உள்ளாட்சியில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குத் தனியாகக் கணக்கெடுத்துத் தரவு காட்ட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் கிருஷ்ணமூர்த்தி வழக்கில் சொன்னது 2010-ல். அப்போது இங்கே பஞ்சாயத்துகள் உயிரோடு இருந்தன, பதவிக்காலம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. இவ்வளவு சின்னப் பிரதேசத்தில் வீடு வீடாக எண்ணி முடிக்க எத்தனை மாதம் ஆகும்? எண்ணாதது யார்? எண்ண வேண்டியவர்கள் எண்ணாமல் இருந்துவிட்டு, எண்ணாததையே காரணமாகக் காட்டுகிறார்கள். 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில் உச்சநீதிமன்றம் இதற்கும் கதவை அடைத்துவிட்டது: கணக்கெடுப்பு முடியவில்லை என்பதற்காக உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது. அரசியலமைப்பின் 243-ஈ பிரிவில் ஐந்து ஆண்டு என்றால் ஐந்து ஆண்டுதான். பிற்படுத்தப்பட்ட தோழர்களின் பெயரைச் சொல்லித் தேர்தலை நிறுத்தி வைத்ததில், பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஏற்கெனவே உறுதியான இடங்களும் சேர்ந்தே போயின. 2011 கணக்குப்படி இங்கே மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 15.7 விழுக்காடு. அந்த அளவுக்கான தலைவர் பதவிகளும் உறுப்பினர் பதவிகளும் பதினான்கு ஆண்டுகளாகப் பிறக்காமலே செத்துக்கொண்டிருக்கின்றன.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல். இந்தப் பெயர்கள் நம் இயக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தலைவர் பதவியைத் தலித்துகளுக்கு ஒதுக்கினார்கள் என்பதற்காக 1996-லிருந்து 2006 வரை பத்தாண்டுகள் ஆதிக்கச் சாதியினர் அங்கே தேர்தலை உருப்படியாக நடக்க விடவில்லை. வேட்பாளரை மிரட்டினார்கள், பொம்மையை ஜெயிக்க வைத்து ராஜினாமா செய்ய வைத்தார்கள். நாம் போராடினோம், கட்டுரை எழுதினோம், நாடே பார்த்தது. சரி. அங்கே நான்கு பஞ்சாயத்துகள், பத்து ஆண்டுகள். இங்கே பிரதேசத்தின் எல்லாக் கிராமப் பஞ்சாயத்துகளும், பதினான்கு ஆண்டுகளுக்கு மேல். அரிவாள் எடுக்கவில்லை, கோப்பு மட்டும் எடுத்தார்கள். அதனால் இது நமக்குச் சாதிப் பிரச்சினையாகத் தெரியாமல் நிர்வாகப் பிரச்சினையாகத் தெரிகிறதா? தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தபோதும் இதே அமைதியைத்தான் பார்த்தேன்.

இளம் தோழர்கள் சிலர் என்னிடம் வாதிடுவார்கள். கிராமமே சாதியின் கூடு, பஞ்சாயத்து என்றாலே ஆதிக்கச் சாதி நாட்டாமை, அதைப் போய் நாம் ஏன் கேட்க வேண்டும், அம்பேத்கரே கிராமத்தைக் கடுமையாகச் சாடவில்லையா என்று. சாடினார், 1948-ல் அரசியல் நிர்ணய சபையிலேயே. ஆனால் 1932-ல் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது அவர் என்ன கேட்டார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒடுக்கப்பட்டோருக்கு இடம் ஒதுக்காத பஞ்சாயத்தை ஏற்க முடியாது என்றார். அறுபது ஆண்டு கழித்து 243-டி பிரிவாக அந்த ஒதுக்கீடு வந்தது. அதைப் பயன்படுத்த முயன்றதற்காகத்தான் 1997-ல் மேலவளவு முருகேசனையும் தோழர்களையும் வெட்டினார்கள். அற்பமான பதவி என்றால் வெட்டியிருக்க மாட்டார்கள். தேர்தல் இல்லாவிட்டால் நாட்டாமை ஒழிந்துவிடுகிறதா என்ன? கோயில் கமிட்டி, ஊர்ப் பெரியவர்கள், எம்.எல்.ஏ.வின் ஆட்கள் என்று ஒதுக்கீடு இல்லாத பஞ்சாயத்து மட்டும் ஜாம் ஜாமென்று நடக்கிறது. ஒதுக்கீடு உள்ள பஞ்சாயத்துதான் பூட்டிக் கிடக்கிறது.

இன்னொரு ஊரைக் காட்டுகிறேன், தூரத்து ஊர்தான், ஆனால் எங்கள் பிரதேசத்தை ஒட்டியது. மாஹே புதுச்சேரியைச் சேர்ந்தது. சுற்றிலும் கேரளம். தெற்கே எல்லையைத் தாண்டினால் கோழிக்கோடு மாவட்டத்தின் அழியூர்ப் பஞ்சாயத்து. கேரளத்தில் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களைக் கிராமப் பஞ்சாயத்துகளிடமே ஒப்படைத்துவிட்டார்கள். 2008-ல் வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று ஒரு கொள்கை வகுத்தார்கள். பஞ்சாயத்து பட்ஜெட்டில் அதற்குப் பணம் ஒதுக்கி, பயிற்சி பெற்ற செவிலியர் வண்டியில் வீடு தேடி வந்து புண்ணைக் கழுவி, குழாய் மாற்றிவிட்டுப் போகிறார். வராவிட்டால் வார்டு மெம்பர் வீட்டுக் கதவைத் தட்டலாம். சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தட்ட ஒரு கதவு உண்டு. இந்தப் பக்கம் மாஹேயில் இருப்பவருக்கு இல்லை. கேரளத்தில் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, அங்குள்ள தலித் தோழர்கள் சிரிப்பார்கள். படுத்த நோயாளியைப் பஞ்சாயத்தின் பொறுப்பாக்க முடியும் என்பதற்கு மட்டும் சாட்சி சொல்கிறேன்.

தேர்தல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. இங்கிலாந்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்பு உள்ளூர் மன்றங்களின் பொறுப்பு. மருத்துவமனை நிர்வாகிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் அதிகாரம் அங்கே கவுன்சிலர்களுக்குச் சட்டப்படி உண்டு. அப்படியிருந்தும் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் 2005-லிருந்து 2009 வரை நோயாளிகள் தண்ணீர்கூடக் கிடைக்காமல் அலட்சியத்தில் கிடந்தார்கள். 2013-ல் வந்த பிரான்சிஸ் விசாரணை அறிக்கை மருத்துவமனையோடு கவுன்சிலர் குழுக்களையும் கண்டித்தது. நிர்வாகம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள், தோண்டிக் கேட்கவில்லை என்று. நோயாளிகளின் உறவினர்கள்தான் கடைசியில் உண்மையை வெளியே கொண்டுவந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே தவறிய கவுன்சிலரைப் பெயர் சொல்லிக் கேட்க ஒரு இடம் இருந்தது. எங்கள் ஊரில் தவறியவர் யார் என்று விசாரிக்கப் போனால், மாற்றலாகிப் போன ஆறு அதிகாரிகளின் பெயர் கிடைக்கும்.

ஆகவே தேர்தலைக் கேட்கிற அதே மூச்சில் இன்னும் சிலவற்றையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்திலும் வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களின் பட்டியல், பேட்டுக்குத் தனியாக, வருடம் இருமுறை திருத்தியது. கைரேகை விழாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து சான்று பதியும் ஆள். சுகாதாரக் குழு கடைசியாக எப்போது கூடியது, யார் தலைமை தாங்கினார், நிதியை எதற்குச் செலவழித்தார்கள் என்ற கணக்கு. இந்த மூன்றாவதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் இப்போதே கேட்கலாம், தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பத்து ரூபாய்க் கட்டணம். மணப்பட்டுக்கு நாங்கள் மனு எழுதிவிட்டோம், 2011 ஜூலையிலிருந்து வருடவாரியாகக் கேட்டிருக்கிறோம். வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் கொம்யூன்களிலும் திருநள்ளாறு, நெடுங்காடு பக்கமும் உள்ள தோழர்கள் அதே கேள்விகளை உங்கள் ஊர்ப் பெயர் போட்டு அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தரவில்லை என்றால் மேல்முறையீட்டு மனுவையும் சேர்ந்தே எழுதலாம்.